பழைய பத்திரிகை அறிவித்தல்களில் பூட்டனாரைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் பூட்டனார் 1910ஐ ஒட்டி யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பெயர் தெரியும், ஊர் ஏறக்குறையத் தெரியும். அவருடைய பெற்றோர், சகோதரர் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய பத்திரிகைகளில் வந்த அறிவித்தல்களை வைத்துக் குடும்பத்தைத் தேட முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்:

முடியும். ஆனால் பெரும்பாலானோர் தொடங்கும் இடத்தில் தொடங்கினால் கிடைக்காது. பூட்டனாரின் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டுவது, ஒன்றும் வராவிட்டால் கைவிடுவது, நூறு வந்தால் முதலாவதை நம்பிவிடுவது: வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகும். மகன் பெயர் அவன் பிள்ளைக்கு முன்னெழுத்தாகும். இரண்டு தலைமுறையில் பழைய பெயரின் சுவடே இருக்காது. போதாக்குறைக்குக் கந்தையா, செல்லத்துரை, பொன்னம்பலம், சின்னத்தம்பி என்று ஊருக்குப் பத்துப் பேர். ஆகவே உங்கள் கையில் இருப்பவற்றில் மிகப் பலவீனமான பிடி பெயர்தான். ஊர், தகப்பன் பெயர், உத்தியோகம், உறவுமுறை ஆகியவற்றில் இரண்டையாவது பெயரோடு சேர்த்துப் பிடித்தால்தான் ஆள் அகப்படுவார்.

அவருடைய சொந்த மரண அறிவித்தலைத் தேடியும் முதலில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 1920, 30களின் அறிவித்தல்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகள்தான். அவருக்குப் பின்னால், 1960, 70களில் காலமான தம்பி, தங்கை, மைத்துனர் ஆகியோரின் அறிவித்தல்கள்தான் விரிவானவை. வீரகேசரி (1930), தினகரன் (1932), ஈழநாடு (1959) மூன்றிலும் வந்த மரண அறிவித்தல்கள் ஒரு கட்டான வாய்பாட்டில் எழுதப்பட்டவை. அந்த வாய்பாடே ஒரு வம்ச வரைபடம். மாதிரிக்கு ஒன்றைக் கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன்:

“சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் தாவடியை வதிவிடமாகவும் கொண்ட திருமதி அன்னப்பிள்ளை செல்லத்துரை கடந்த சனிக்கிழமை சிவபதமடைந்தார். அன்னார் காலஞ்சென்ற கந்தையா – வள்ளியம்மை தம்பதிகளின் கனிஷ்ட புத்திரியும், காலஞ்சென்ற செல்லத்துரையின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற சிவகுருநாதர் (மலாயாப் புகையிரதப் பகுதி), நடராசா ஆகியோரின் அன்புச் சகோதரியும், ... அன்பு மாமியாரும், ... பாசமிகு பேத்தியும் ஆவார். பூதவுடல் கோம்பயன்மணல் மயானத்தில் தகனம் செய்யப்படும். தகவல்: மகன்.”

இதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பெற்றோர் இருவர் பெயரும் வந்துவிட்டன. இருவரும் அப்போது உயிருடன் இல்லை என்பதும் வந்துவிட்டது. ‘கனிஷ்ட புத்திரி’ என்றால் கடைசி மகள். ‘சிரேஷ்ட’ என்று வந்தால் மூத்தது, ‘ஏக’ என்று வந்தால் ஒரேயொரு மகன் அல்லது மகள். மலாயா போன சகோதரர் அடைப்புக்குறிக்குள் உத்தியோகத்தோடு நிற்கிறார். அவர்தான் நீங்கள் தேடும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அவருடைய சொந்த அறிவித்தல் கிடைக்காமலேயே தாய், தகப்பன், தம்பி, தங்கை, தங்கை கணவர் ஐந்து பேரும் கிடைத்துவிட்டார்கள். மயானத்தின் பெயரைக்கூட விடாதீர்கள். ஊர்ப் பெயர் அச்சில் சிதைந்திருந்தால் எந்தப் பகுதி என்பதை அது உறுதிசெய்யும். ‘சிவபதமடைந்தார்’ என்றால் சைவர், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றால் கிறிஸ்தவர். அடுத்து எந்தப் பதிவேட்டைத் தேடுவது, கோயில் பக்கமா தேவாலயப் பக்கமா, என்பதை அதுவே சொல்லிவிடும்.

உறவுச் சொற்களில் தமிழ்நாட்டு வழக்கை வைத்துக்கொண்டு யாழ்ப்பாண அறிவித்தலை வாசித்தால் ஒரு தலைமுறை இடறும். மேலே ‘பாசமிகு பேத்தி’ என்றது பாட்டியை. ‘பேரன்’ என்பதும் அப்படியே: முதியவரின் அறிவித்தலில் அது தாத்தா, இளைஞன் இறந்தால் வரும் அறிவித்தலில் பேரப்பிள்ளை. ‘மருமகன்’ மகளின் கணவனாகவும் இருக்கலாம், சகோதரியின் மகனாகவும் இருக்கலாம். ‘பெறாமகன்’ என்று தனியாக வந்தால் ஆணுக்குச் சகோதரனின் மகன், பெண்ணுக்குச் சகோதரியின் மகன். ‘சகலன்’ வந்தால் மனைவிக்கு ஒரு சகோதரி இருந்தாள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அவள் பெயர் எங்கும் இல்லாவிட்டாலும். ‘சகோதரர்’ மட்டும் எச்சரிக்கைக்குரியது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளையும் அதில் சேர்த்துவிடுவார்கள்.

ஊர் விஷயத்தில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளை மனைவியின் ஊருக்குக் குடிபோவார். ஆகவே பூட்டனார் பிறந்த ஊர் அநேகமாக அவருடைய தாயின் ஊர். தகப்பனின் சகோதரர்களை அந்த ஊரில் தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வேறு ஊரில் பிறந்து, வேறு வேறு ஊர்களில் பெண் எடுத்தவர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பிடம், வதிவிடம் என்று இரண்டு கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு ஊருக்கு இடையில் மட்டுமே மாறி மாறிப் பெண் எடுத்த குடும்பங்களாக இருந்தால் அது உடனே கண்ணுக்குத் தெரியும்.

பத்திரிகைக்குப் போகுமுன் வீட்டில் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். இன்னொன்று கல்வெட்டு, அதாவது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். பழைய கல்வெட்டுகளில் வம்ச வரலாறு செய்யுளாகவே இருக்கும். முதற் பக்கங்களில் வரும் திதி வெண்பாவை அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அமரபக்கமா (தேய்பிறை), எந்தத் திதி என்று நான்கும் அதில் இருக்கும். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் இறந்த நாள் ஏறக்குறைய ஒற்றைத் தேதியாக வந்துவிடும். வீட்டில் இல்லையென்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் நினைவு மலர்கள் என்று தனித் தொகுப்பே இருக்கிறது. அதில் ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள். தூரத்து உறவினர் ஒருவரின் மலரில் உங்கள் கிளையும் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

இனி, 1940க்கு முற்பட்ட காலம். இங்கே மரண அறிவித்தலைவிட மதிப்புள்ளது நீதிமன்ற அறிவித்தல். என் கணிப்பில் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றைத் தேடுபவருக்குப் பழைய பத்திரிகையில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த ஒற்றைத் துண்டு இதுதான். பார்க்கச் சலிப்பூட்டும் சட்ட ஆங்கிலமாக இருப்பதால் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒருவர் சொத்து வைத்துவிட்டு இறந்தால், அந்தச் சொத்தை நிர்வகிக்க உரிமை கேட்பவர் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போடுவார். நீதிமன்றம் ‘ஆர்டர் நைசை’ என்னும் தற்காலிகக் கட்டளை இடும். ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் வந்து சொல்லவேண்டும் என்று அது பத்திரிகையிலும் இலங்கை அரசாங்க வர்த்தமானியிலும் (கெஜட்) வெளியாகும். 1889இல் தொடங்கிய இந்து சாதனத்திலும் அதன் ஆங்கிலப் பதிப்பான ஹிண்டு ஆர்கனிலும் இவற்றைக் காணலாம்.

தலைப்பில் வழக்கு இலக்கம் இருக்கும். அதன்கீழ் இறந்தவர் பெயர், ஊர். பிறகு மனுதாரர்: பெரும்பாலும் மனைவி, ‘இன்னாரின் விதவை’ என்று முழுப் பெயரோடு. அக்காலத்து மற்ற அறிவித்தல்களில் ‘திருமதி இன்னார்’ என்று கணவன் பெயருக்குள் மறைந்துபோகும் பெண்கள் சொந்தப் பெயரோடு தெரிவது இங்கேதான். அடுத்து எதிர்மனுதாரர்கள் என்று இலக்கமிட்ட பட்டியல். பெயர் அச்சம் தருகிறதே தவிர அது சண்டை அல்ல. வாரிசுகள் எல்லாரையும் அந்த வரிசையில் நிறுத்துவது நடைமுறை. மணமான மகள் கணவனோடு சேர்த்து எழுதப்பட்டிருப்பாள். வயது வராத பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காக வழக்கில் தோன்றும் பாதுகாவலர் யார் என்று கட்டாயம் பாருங்கள். அவர் அடிக்கடி தாய்மாமன். தாய்வழிக் குடும்பத்துக்கான நூல் அங்கே கிடைத்துவிடும்.

இந்தப் பட்டியலில் இல்லாத மகள் பிறக்கவே இல்லை என்று முடிவுகட்டுவது மிகப் பொதுவான பிழை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி, சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பெற்றோரின் முதுசத்தில் (பரம்பரைச் சொத்தில்) பங்கு கிடையாது. வாரிசு அல்லாதவளை வாரிசுப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. ஆகவே நாலு மகன்மார் மட்டுமே இருந்தால், சீதனம் கொடுத்த மகள்கள் வெளியே இருக்கிறார்கள் என்றே முதலில் நினையுங்கள்.

காணி விற்பனை, பங்குபிரிப்பு அறிவித்தல்களில் இன்னும் நுணுக்கமான தகவல் உண்டு. காணியின் பெயர் (ஏதோ ஒரு வளவு, ஏதோ ஒரு தோட்டம்), அளவு, நாலு எல்லை, அதில் இவருக்கு உள்ள பங்கு என்று வரும். அளவு லாச்சம் வரகுக் கணக்கில் இருக்கும். ஒரு லாச்சம் ஒரு பரப்பு, அது 18 குழி, 16 பரப்பு ஓர் ஏக்கர். எல்லையில் வரும் பெயர்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் கிழக்கு எல்லைக்காரர் அண்ணன், மேற்கு எல்லைக்காரர் சித்தப்பா என்றுதான் வரும். ‘பிரிபடாத 1/12 பங்கு’ என்று இருந்தால் அந்தப் பின்னமே பேசும்: பாட்டனுக்கு மூன்று பிள்ளைகள், அதில் ஒருவருக்கு நாலு பிள்ளைகள், 1/3இல் 1/4. ஆனால் பங்கை விலைக்கும் வாங்கியிருக்கலாம் என்பதால் பின்னத்தை மட்டும் வைத்து மரம் வரையாதீர்கள். அது ஊகத்துக்குத் திசை காட்டும், அவ்வளவுதான்.

எங்கே வாசிப்பது? இந்து சாதனம், ஹிண்டு ஆர்கன், ஈழகேசரி (1930 முதல் 1958 வரை), ஈழநாடு ஆகியவற்றின் வருடிய (ஸ்கேன் செய்த) இதழ்கள் நூலகம் தளத்தில் இலவசமாக உள்ளன, இடைவெளிகளும் உண்டு. கத்தோலிக்கக் குடும்பமானால் 1876இல் தொடங்கிய சத்தியவேத பாதுகாவலன், அமெரிக்க மிஷனோடு தொடர்புடைய குடும்பமானால் 1841இல் தொடங்கிய உதயதாரகை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது பழைய இதழ்த் தொகுப்புகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. ஆகவே இணையத்தில் இல்லாத ஆண்டுகளுக்குக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தைத்தான் கேட்கவேண்டும். வர்த்தமானியும் அங்கே உண்டு. பத்திரிகை கிடைக்காத ஆண்டுக்கு வர்த்தமானி கைகொடுக்கும், ஏனெனில் அதே கட்டளை இரண்டிலும் வந்தது.

இந்தப் பழைய வருடல்களைப் பெயர் தட்டித் தேடமுடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்; பக்கம் புரட்டத்தான் வேண்டும். வாரம் இரண்டு இதழ் என்றால் ஆண்டுக்கு நூற்றுச்சொச்சம். செய்தியை வாசிக்காமல் அறிவித்தல் பத்திகளை மட்டும் ஓட்டினால் இதழுக்கு மூன்று நிமிடம், ஆண்டுக்கு ஐந்து மணி நேரம். ஆகவே இறந்த ஆண்டை முன்பின் இரண்டு ஆண்டுக்குள் சுருக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சுருக்கிய பிறகும் இறந்த தேதியோடு நிறுத்தவேண்டாம்: நிர்வாக மனு பல மாதம் கழித்தும் வரும், குடும்பத்தில் இழுபறி என்றால் சில ஆண்டு கழித்தும் வரும்.

மலாயாப் பக்கத்துக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அதில் இருக்கிறது என்பதால் எல்லாரும் அதையே துழாவுகிறார்கள். உங்கள் தேவைக்கு மலாயா ட்ரிப்யூன் (1914 முதல் 1951 வரை) மேல். ரயில்வே, மராமத்து, நில அளவை அலுவலகங்களில் இருந்த ஆசிய கிளார்க் வர்க்கம் வாசித்த தாள் அது; அவர்களுடைய திருமணம், இடமாற்றம், பிரிவுபசாரம், ஊருக்கு விடுமுறையில் போவது எல்லாம் சிறு துணுக்குகளாக அதில் வரும். தைப்பிங், ஈப்போ, சிரம்பான் என்று ஊர்வாரிச் செய்திப் பத்திகளைப் பாருங்கள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கு நடந்த பிரிவுபசாரச் செய்தியில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு மாறினார், எத்தனை ஆண்டு சேவை என்று வரும்; அதிலிருந்து வேலையில் சேர்ந்த ஆண்டைக் கணக்கிடலாம்.

அந்தத் தளத்தில் ஒரு சிக்கல். செய்திக்குத் தலைப்பு உண்டு, அறிவித்தலுக்கு இல்லை. விளம்பரப் பத்தி முழுவதையும் ஒரே துண்டாக வெட்டி, ‘பக்கம் 4 விளம்பரங்கள் பத்தி 3’ என்பதுபோல ஆங்கிலத்தில் பெயரிட்டிருப்பார்கள். தேடல் முடிவில் அது எதையும் சொல்லாத வரியாகத் தெரிவதால் பலரும் சொடுக்குவதில்லை. நீங்கள் வேண்டுமென்றே விளம்பரம் என்ற வகையை மட்டும் தெரிந்தெடுத்து, ஆண்டை ஐந்தைந்தாகப் பிரித்துத் தேடுங்கள். இறந்தவரின் சொத்துக்கு உரிமை கோருவோரை அழைக்கும் அறிவித்தல், பெயர்மாற்ற அறிவித்தல், தொலைந்த பத்திரம் பற்றிய அறிவித்தல் எல்லாம் அங்கேதான் கிடக்கும். சில பிற்கால இதழ்களைச் சிங்கப்பூர் நூலகத்துக்கு நேரில் போனால்தான் திறக்கமுடியும். பத்திரிகை, தேதி, பக்கம் மூன்றையும் குறித்துவைத்து அங்குள்ள யாரையாவது கேட்பதே வழி.

பக்கத்தின் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் படுத்தும் பாடு தனி. பழைய ஈயெழுத்து அச்சில் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் ஒட்டிக்கொண்டு ‘எம்’ ஆகும். சி, இ ஆகும். எச், பி ஆகும். குறுகிய பத்தி என்பதால் ‘கந்தையா’ வரி முடிவில் உடைந்து ‘கன்’ ஒரு வரியிலும் ‘டையா’ அடுத்த வரியிலும் போயிருக்கும். பெயரைத் தட்டினால் வராது, பின்பாதியைத் தட்டினால் வரும். இதற்கு மேல் நம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல். பிள்ளை என்பதன் ஈறு ‘ஏ, ஐ’ என்றும் ‘ஏ, ஒய்’ என்றும், பழைய இலங்கைத் தாள்களில் ‘பி, யு, எல், எல், இ’ என்றும் வரும். சின்னத்தம்பி எஸ்ஸிலும் தொடங்குவார், சிஎச்சிலும் தொடங்குவார். துரைக்கு டிஎச், டி மட்டும், தமிழ்நாட்டுப் பாணியில் ‘டொரை’ என மூன்று வடிவம். முன்னெழுத்தும் மாறும்: க என்பது கே, சி, ஜி, ஞா என்பது ஜி அல்லது என், வ என்பது வி அல்லது டபிள்யூ. ஒரு தாளில் எல்லா வடிவத்தையும் எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் தட்டி, பார்த்ததற்குக் குறி போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதையே மறுபடி தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முன்னெழுத்து எப்போதும் தகப்பன் பெயர் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். சி.வை. தாமோதரம்பிள்ளையின் ‘சி’ சிறுப்பிட்டி என்ற ஊர், ‘வை’ தகப்பனார் வைரவநாதர். அதேபோல ‘வேலுப்பிள்ளை கந்தையா’ என்று முழுதாக எழுதியிருந்தால் ஆளின் பெயர் கந்தையா. ஆங்கிலப் பட்டியலில் அவரை எங்கே அடுக்கியிருப்பார்கள் என்று சொல்லமுடியாது. மிஷன் பள்ளியில் படித்தவரானால் அமெரிக்க ஆதரவாளர் ஒருவரின் பெயரும் சேர்ந்திருக்கலாம். ஊரில் ஒரு பெயர், உத்தியோகத்தில் இன்னொன்று.

ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதை. பழைய ஆங்கிலத் தாள்களில் வட்டுக்கோட்டை ‘பட்டிகோட்டா’, தெல்லிப்பழை ‘டில்லிப்பள்ளி’, ஊர்காவற்றுறை ‘கெய்ட்ஸ்’. இன்றைய காரைநகர் அந்நாளில் காரைதீவு. கிழக்கு மாகாணக் காரைதீவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மலாயாவில் தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன், போர்ட் கிள்ளான் முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம்.

தேதிக்கு வருவோம். ஆங்கில அறிவித்தலில் மாதப் பெயருக்குப் பதிலாக ‘அல்டிமோ’வின் சுருக்கம் வந்தால் போன மாதம், ‘இன்ஸ்டன்ட்’டின் சுருக்கம் வந்தால் நடப்பு மாதம். மார்ச் 5 இதழில் ‘28 அல்டிமோ’ என்றால் பிப்ரவரி 28. தமிழ் அறிவித்தலில் ஆண்டின் பெயர் இருந்தால் அறுபதாண்டுச் சுற்று: பிரபவ என்பது 1867–68, 1927–28, 1987–88. ஆண்டு சித்திரையில் பிறப்பதால் பிரபவ வருஷம் தை மாதம் என்பது 1928இன் தொடக்கம், 1927 அல்ல. இதில் ஒரு வருடம் தவறி, இல்லாத இதழில் தேடுபவர்கள் அதிகம். மாறாக ஆண்டு எண்ணில் இருந்து ‘மாசி 20’ என்று வந்தால், இலங்கை வழக்கப்படி அது பெரும்பாலும் பிப்ரவரி 20தான். சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்த காலத்துத் தாளில் 2602 என்று ஆண்டு இருந்தால் மிரளவேண்டாம், அது 1942.

ஆண்டு நினைவு அறிவித்தலை வைத்து இறந்த தேதியைக் கணக்கிடும்போது அது திதிப்படி வந்ததா தேதிப்படி வந்ததா என்று பாருங்கள். திதிப்படி என்றால் இரண்டு வாரம்வரை முன்பின் ஆகும். அந்தியேட்டி அறிவித்தல் நம்பகமானது. முப்பத்தோராம் நாள் என்று போட்டிருந்தால் முப்பது நாள் பின்னால் எண்ணினால் போதும்.

1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை மலாயாவில் இறந்தவர்களுக்கு அப்போதைய பத்திரிகையில் ஒன்றும் அகப்படாவிட்டால் வியப்பில்லை. 1946 முதல் 1950 வரையான சொத்துரிமை அறிவித்தல்களில் தேடுங்கள். ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவரானால் மலாயாத் தாள்களை விட்டுவிட்டு யாழ்ப்பாணத் தாள்களுக்கு வரவேண்டும். ‘மலாயன் பென்சனியர்’ என்பது அந்நாளில் ஊரில் தனி மதிப்புள்ள அடையாளம். அறிவித்தலில் பெயருக்கு முன்னாலேயே அதைப் போடுவார்கள்.

உங்களைப்போலவே தேடுகிற, ஆனால் வேறு பின்னணியுள்ள வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. செட்டியார் குடும்பங்களுக்குப் பெயரைவிட விலாசம், அதாவது கடையின் முன்னெழுத்துக் குறி, முக்கியம். ‘ஆனா ரூனா’, ‘மூனா ரூனா’ என்று தமிழ் எழுத்துப் பெயராகவும், வெறும் ஆங்கில முன்னெழுத்தாகவும் அதே கடை வரும், இரண்டையும் தேடவேண்டும். ஏஜெண்டுகள் வழக்கமாக மூன்றாண்டுக்கொருமுறை மாறுவதால் அதிகாரப் பத்திரம் ரத்து, புதிய ஏஜெண்டு நியமனம் என்ற அறிவித்தல்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டண அறிவித்தல் அரிது. அதற்காகப் பத்திரிகை பயனற்றது என்று விட்டுவிடாதீர்கள். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு இரண்டிலும் கோயில் திருப்பணி, பள்ளிக் கட்டட நிதி நன்கொடைப் பட்டியல்களையும் ஆசிரியருக்கு வந்த கடிதங்களையும் பாருங்கள். தோட்டத்தின் பெயரைப் பிடித்துத் தேடவேண்டும், ஆளின் பெயரை அல்ல.

கிடைத்ததைப் பதிவுசெய்யும்போது துண்டை மட்டும் வெட்டிச் சேமிக்காதீர்கள். முழுப் பக்கத்தையும் எடுத்து, கோப்பின் பெயரிலேயே பத்திரிகை, ஆண்டு–மாதம்–நாள், பக்கம், பத்தி எல்லாவற்றையும் எழுதுங்கள். தேடியும் கிடைக்காத இதழ்களின் பட்டியலும் அதே அளவு மதிப்புள்ளது. அறிவித்தலில் கண்டவர் உங்கள் ஆள்தானா என்பதற்குப் பெயர், ஊர், குறைந்தது ஓர் உறவினர் என்று மூன்றும் பொருந்தவேண்டும். இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலில் எழுதுங்கள். மரண அறிவித்தலை எழுதியவர் துக்கத்தில் இருக்கும் மகன் அல்லது அவசரத்தில் இருக்கும் அயலவர். பெயர் விடுபடும், வரிசை மாறும். கோபத்தில் வேண்டுமென்றே விட்ட பெயரும் உண்டு, முதல் தாரத்துப் பிள்ளைகளை ஒரேயடியாக மறைத்ததும் உண்டு. ‘என் மனைவி வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல’ என்று கணவன் கொடுத்த அறிவித்தல்களும் பழைய தாள்களில் வரும். அகப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

உங்கள் நிலையில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஊர்ப் பெயரை வைத்து நினைவு மலர்கள், அடுத்து 1959க்குப் பிந்திய ஈழநாடு, வீரகேசரியில் சகோதரர்களின் மரண அறிவித்தல், அதில் கிடைக்கும் தகப்பன் பெயரோடு ஹிண்டு ஆர்கனில் நீதிமன்றக் கட்டளை, மலாயா ட்ரிப்யூன் இவற்றுக்கு இடையில், உத்தியோக விவரத்துக்கு. நீதிமன்றக் கட்டளையோ காணி அறிவித்தலோ கிடைத்துவிட்டால் பத்திரிகையை அங்கேயே வைத்துவிட்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும். காணியின் பெயர், ஊர், பரப்பு, நாலு எல்லை நான்கையும் அறிவித்தலில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதிக் கொடுங்கள், திருத்தாதீர்கள். அந்தக் காணிக்குரிய ஏட்டில் யார் யாருக்கு எந்த ஆண்டு எந்த நொத்தாரிசு முன்னிலையில் எத்தனையாம் இலக்க உறுதியால் கைமாறியது என்று வரிசையாக இருக்கும். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் கிடைத்தபின் உறுதியின் பிரதியைக் கேட்கலாம். பழைய உறுதியில் ‘எனக்கு என் தகப்பனார் இன்னாரால் இன்ன உறுதிப்படி முதுசமாக வந்த’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். பூட்டனாரின் தகப்பனுக்கும் மேலே ஒரு படி ஏறுவது அந்த வரியால்தான்.